தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

“மாறவெல்லாம் மாறாதுடி யாழினி. எச்சி என்ன செருப்பா, கோயில் வாசல்ல எவளோ மாட்டிக்கிட்டுப் போறதுக்கு? குழாய்ல துப்பினது நானு. மூடி போட்டது நானு. பேரெழுதி ஒட்டினது நீ, தபால்ல போட்டதும் நீ.” சொல்லிட்டு சிந்தாமணி டீச்சர் போனை மறுபடியும் மூக்குக்கிட்ட கொண்டு போனா. கண்ணாடி நெத்தி மேல ஏறி உக்காந்திருக்கிறது அவளுக்கு ஞாபகமில்ல. கண்ணாடியே வேண்டாம், எச்சியை வெச்சு வம்சம் பாக்குற கம்பெனி அனுப்பின அந்தப் படம் அம்புட்டுப் பெருசு: ஒரு வட்டம், ஆப்பத்தை ரெண்டாப் பிச்ச மாதிரி ஒரு பாதி தென்சீனம், ஒரு பாதி தென்னிந்தியா. காலையிலேர்ந்து பதினஞ்சு தடவை பாத்தாச்சு. கொஞ்ச நேரம் விட்டுப் பாத்தா வேற மாதிரி இருக்குமோன்னு ஒரு நப்பாசை. “ஆயிரம் பேர் எச்சியை அடுக்கி வெச்சிருப்பான் டீச்சர், ஒண்ணு ரெண்டு மாறத்தான்லா செய்யும்,” அடுப்படியிலேர்ந்து யாழினி குரல் குடுத்தா. சுண்டலுக்குத் தேங்கா துருவுற சத்தம் நிக்கவே இல்ல. இந்த யாழினிக்கு அப்பா சீனர், அம்மா தமிழ். சீனப் பள்ளிக்கூடத்துல படிச்சவ, மலேசியாவுலேயே மழைக்குப் பேர்போன தைப்பிங்ல பல் டாக்டர்கிட்ட வேலை பாக்குறவ, சனிக்கிழமையானா சிந்தாமணிகூட சேர்ந்து பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறவ. ‘ரெண்டு வீட்டுப் பிள்ளைங்க’ன்னு வகுப்புக்குப் பேரு. அப்பா சீனர் அம்மா தமிழு, அப்பா தமிழு அம்மா சீனத்தி, ஒண்ணு ரெண்டு சயாம்காரி பிள்ளைங்ககூட உண்டு. நாலு மணிக்கு இருபத்திரண்டு பிள்ளைங்களும் பெத்தவங்களோட வந்து இந்தக் கூடத்துல உக்காரும். வருஷத்து முதல் வகுப்பு. முதல் வகுப்புன்னா டீச்சர் தன் கதையைச் சொல்லணும், பதினோரு வருஷமா அதான் வழக்கம். இப்ப மணி மூணே கால். சொல்றதுக்கு வெச்சிருந்த கதையைத்தான் இந்த வட்டம் நடுவுல பிளந்து போட்டிருக்கு. சுவத்துல பாரு, செவப்புக் காகிதத்துல கையகலத்துக்கு வெட்டி ஒட்டின நூறுங்கிற எண்ணு. ‘டீச்சர் எச்சி நூத்துக்கு நூறு சீனம்னு வரும் பாருங்க, ஆனா தேவாரம் பாடச் சொன்னா எவ பாடுவா, ரத்தத்துல ஒண்ணும் இல்ல பிள்ளைங்களா, சோத்துலதான் எல்லாம்’னு அவதான் போன மாசம் ஜம்பமா சொல்லி அதுங்களையே வெட்ட வெச்சா. அந்த நூறைக் காட்டத்தான் காசு குடுத்துத் துப்பினது. யாருகிட்ட போய்ச் சொல்ல.

கதை இதுதான், இந்த ஊர்ல தெரியாதவங்க இல்ல. அம்மா செல்லத்தாயிக்கு மூணு பிள்ளை பொறந்து பொறந்து செத்துச்சு. மூணாவது செத்தப்ப தோட்டத்து லயத்து வரிசைவீட்டுக் கிழவி ஒருத்தி சொன்னாளாம், தவிட்டுக்கு ஒரு பிள்ளையை வாங்கி வளத்தா அதுக்கப்புறம் பொறக்குறது தங்கும்னு. அந்த வருஷம் சீனங்களுக்குப் புலி வருஷம், புலி வருஷத்துப் பொட்டைப் பிள்ளை வீட்டுக்கு ஆகாதுன்னு குடுத்துருவாங்க. ஏழு பொட்டைக்குப் பிறகு எட்டாவதா பொறந்த ஒண்ணைக் கமுண்டிங் பக்கம் யாரோ குடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டு, அம்மா முறத்துல தவிடு அளந்து எடுத்துக்கிட்டுப் போய்க் குடுத்துட்டு, பிள்ளையை அதே முறத்துல போட்டு வாங்கிட்டு வந்துட்டா. அப்புறம் தருமன் பொறந்தான், தங்கினான். இப்ப மாரியம்மன் கோயில் தலைவர், வெள்ளை வேட்டி, இன்னைக்குப் பிள்ளைங்களுக்குப் பரிசுப்பை குடுக்க அவன்தான் வரான், முன்வரிசை நாற்காலி அவனுக்குத்தான். சிந்தாமணி இந்தக் கதையை எத்தனை விதமா சொல்லியிருக்கா. முறத்தையும் தவிட்டையும் மேசையில வெச்சு, தவிட்டை விரல்ல அள்ளி விட்டுக்கிட்டே சொல்லுவா, பிள்ளைங்க வாயைப் பொளந்து கேக்கும். அந்த ஏழு அக்காங்க. அய்யோ, அந்த ஏழு அக்காங்க. முப்பது வயசுல அவங்களைத் தேடிக் கமுண்டிங் பசார்ல அலைஞ்சிருக்கா, ஒவ்வொரு சீனப் பொம்பளை மூஞ்சியா பாத்துப் பாத்து. ஒருநாள் அரிசிமா உருண்டை விக்கிற ஒருத்தி மூக்கு தன் மூக்கு மாதிரியே இருக்குன்னு அவ கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா, அவ பயந்துபோய் நாலு உருண்டை சும்மாவே குடுத்து அனுப்பிவிட்டா. பஸ்ல உக்காந்து அந்த உருண்டையைத் தின்னுக்கிட்டே ‘எங்கக்கா கைப்பக்குவம்’னு நெனச்சு அழுதவ. ஏழு பேரும் இன்னைக்கு ஒரே காலையில செத்துப் போயிட்டாங்க. செத்தாக்கூடப் பரவால்ல, பொறக்கவே இல்ல.

“டீச்சர், உங்களைப் பெத்தது வேற யாராவது தமிழ் ஆளா இருக்கலாம்ல. நீங்க ஏன் தாத்தா போட்டோவையே மொறைக்கிறீங்க,” தேங்காயைத் தட்டிக் கொட்டிட்டு யாழினி எட்டிப் பாத்தா. மொறைக்காம என்ன பண்றது. மாலை போட்ட படத்துல அப்பா அங்கமுத்து சும்மா சிரிச்சுக்கிட்டு இருந்தாரு, லம்பம்கிற ஈயச் சுரங்கத்துல ஈயம் ஏத்துற லாரிக்கு டிரைவர், மீசை சீவின ஆளு. சிந்தாமணி விரலு தன்னால இடது காதுக்குப் போச்சு. காது மடல் தொடங்குற இடத்துல ஊசியால குத்தின மாதிரி ஒரு பொடி ஓட்டை, பொறவியிலேயே இருக்கு, யோசனை வந்தா அதைத்தான் தடவுவா. அப்பாவுக்கும் அதே இடது காது, அதே ஓட்டை. தருமனுக்குக்கூடக் கிடையாது. ஞாயித்துக்கிழமை எண்ணெய்க் குளியல்னா அம்மா ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல பலகை போட்டு உக்கார வெச்சு, ஒரே விரல்ல எண்ணெயைத் தொட்டு அவருக்கு ஒண்ணு இவளுக்கு ஒண்ணு வெப்பா. லயமே பாக்கும். ‘எடுத்து வளத்தாலும் ஜாடை ஒட்டிருச்சு பாருங்க’ம்பாங்க. முடி சுருட்டையாச்சா, எண்ணெய் வெச்சு வெச்சு சுருண்டுருச்சு. நெறம் மங்கலாச்சா, தோட்டத்து வெயிலு, எந்தச் சீனத்தியா இருந்தாலும் கறுக்கத்தான் செய்யும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் கைவசம் வெச்சிருந்துச்சு அந்த ஊரு, அதுல ஒரு காரணத்தையாவது எவளாவது நம்பித்தான் சொன்னாளா, இல்ல செல்லத்தாயி மனசு நோகக்கூடாதுன்னு எல்லாரும் சேந்து பேசி வெச்சாங்களா. தலையைத் தொவட்டிக்கிட்டே சிரிச்சிருப்பாங்களோ. அப்பா அவளைத் தூக்கினதே கிடையாது. தருமனைத் தோள்ல வெச்சுக்கிட்டுத் திருவிழா பாப்பாரு, இவ வேட்டியைப் புடிச்சுக்கிட்டு நடப்பா. ‘அவளையும் தூக்குங்களேன்’னு அம்மா சொல்லும். ‘பெரிய பிள்ளை, நடக்கட்டும்’பாரு. தவிட்டுக்கு வந்தவதானே, அப்படித்தான்னு ஆறு வயசுலேயே அவ கணக்குத் தீர்த்துக்கிட்டா. அதுக்காகவே நல்லாப் படிச்சா, அதுக்காகவே தேவாரம் மனப்பாடம் பண்ணினா, அவரு ஒருநாளாச்சும் தலையைத் தடவுவாருன்னு. அந்த மனுசன் தள்ளி நின்னது வேத்துப் பிள்ளைன்னு இல்ல. தூக்கினா ரெண்டு மூஞ்சியும் பக்கத்துல பக்கத்துல வந்துரும், ஊரு பாத்துரும். “திருட்டுப்பய,” அப்படின்னு சத்தமாவே வந்துருச்சு. அறுபத்திமூணு வயசுல அப்பனை முதல் தடவை வையுறா. யாழினி கைவேலையை நிறுத்திட்டு, “யாரை டீச்சர்?”னா. “ஒருத்தனையுமில்ல. நீ கடுகை எடு.”

ஆனா லாரியில ஏத்திக்குவாரே. அதை எங்கே வெக்கிறது. பள்ளிக்கூடம் லீவு விட்டா லாரி முன்சீட்டுல உக்கார வெச்சு லம்பத்துக்குக் கூட்டிட்டுப் போவாரு, தருமனைக் கூட்டிட்டுப் போகமாட்டாரு. அந்தப் பெருமை இவளுக்குக் கழுத்துவரைக்கும் இருக்கும். பாலத்துக்கிட்ட வந்ததும் வண்டியை மெதுவாக்கி ரெண்டு தடவை ஆரன் அடிப்பாரு, பாம் பாம்னு. கீழ ஓடையில முட்டித் தண்ணியில சீனப் பொம்பளைங்க வரிசையாக் குனிஞ்சு நின்னு, அகலமான மரத்தட்டுல மணலை அள்ளி அலசிக்கிட்டே இருப்பாங்க. மணல் தண்ணியோட போயிரும், கறுப்பா ஈயப்பொடி மட்டும் தட்டுல தங்கும். அந்தத் தட்டுக்கு டூலாங்னு பேரு. ஆரன் சத்தத்துக்கு ஒருத்தி மட்டும் நிமிருவா. தொப்பியைத் தூக்கிக்கிட்டு நிமிந்து பாத்துட்டு மறுபடி குனிஞ்சுக்குவா. சிந்தாமணி சன்னல் வழியா கையாட்டுவா, தனக்காகத்தான் அப்பா ஆரன் அடிக்கிறாருன்னு. அந்தப் பொம்பளையை அவளுக்குத் தெரியும். ஆசோ. பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு பலகை வீட்டுல தனியா இருந்தவ, புருசனும் இல்ல பிள்ளையும் இல்லன்னு சொல்லிக்குவாங்க. ஒவ்வொரு சீனப் பெருநாளுக்கும் அம்மா தட்டு நெறைய முறுக்கும் ஆரஞ்சும் வெச்சு, இவளைத் தலைக்கு ஊத்தி, தீவாளிச் சட்டையைப் பெட்டியிலேர்ந்து எடுத்துப் போட்டு, கையைப் புடிச்சு ஆசோ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகும். லயத்துல வேற எந்தத் தமிழ் வீட்டுக்கும் ஆசோவுக்கும் போக்குவரத்து கிடையாது. அம்மா வாசப்படியோட நின்னுக்கும். உள்ள போகாது. இவளை முன்னால தள்ளி, ‘ஆசோவுக்குக் காட்டுடி. திரும்பி நில்லு. இப்பிடி நில்லு. ஜடையைக் காட்டு’ங்கும். சிந்தாமணி பாவாடையை விரிச்சுக்கிட்டு ஒரு சுத்து சுத்துவா. புதுச்சட்டையைக் காட்டச் சொல்றாங்கன்னு, இந்த நிமிசம் வரைக்கும், சுண்டல் வாசம் வர்ற இந்த நிமிசம் வரைக்கும் அவ நெனச்சுக்கிட்டு இருந்தா. எந்த ஊர்லடி பெருநாளுக்குப் போற வீட்டுல பழைய தீவாளிச் சட்டையைக் காட்டுவாங்க. சட்டையை இல்ல. அளவு காட்டினா அம்மா. போன வருஷத்துக்கு இந்த வருஷம் எம்புட்டு வளந்திருக்கா, பல்லு முளைச்சிருக்கா, ஜடை இடுப்பு வரைக்கும் வந்திருக்கா, சோறு போடுறேனா இல்லையா பாத்துக்கன்னு காட்டினா. ஆசோ தண்ணியிலேயே கெடந்து சுருங்கிப்போன கையால கன்னத்தைத் தொடப் போயி, தொடாம, காசு வெச்ச செவப்பு அங்பாவ் உறையை நீட்டும். திரும்பி வர்ற வழி முழுக்க அம்மா இவ கையை விடாது, வலிக்கிற அளவுக்கு இறுக்கிக்கிட்டு வரும்.

அப்ப அம்மாவுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் முறத்தைத் தூக்கிக்கிட்டுப் போச்சு. மூணு பிள்ளையைப் பொதைச்ச கையால தவிட்டை அளந்து, புருசன் பெத்ததை ஆசோ கையிலேர்ந்து வாங்கி, ஏழு அக்காங்களை வாயாலேயே பெத்துப்போட்டு, ஊர்வாயை அடைச்சு. எந்த நெஞ்சு இது. அம்மா இவளை வெளக்குமாத்தால அடிச்சிருக்கு, கருவாட்டுத் தலையைப் பூனைக்குப் போட்டதுக்கு. அடிச்ச அடியில ஒரு அடியாவது ஆசோவுக்கு விழுந்த அடியா இருக்குமா, அப்பாவுக்கு விழவேண்டிய அடியா. அதுவும் யோசிச்சுப் பாத்தா, தருமனுக்கும் அதே வெளக்குமாறுதான், அவனுக்கு ரெண்டு கூட. கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல எல்லாரும் குத்துவெளக்கு, குக்கர், சுவத்துக் கடிகாரம்னு குடுக்க, ஆசோ வந்துச்சு, முதல் தடவையா தமிழ் மண்டபத்துக்குள்ள, நீலச் சட்டையில. துணியில சுத்தி அந்த டூலாங்கைக் கொண்டுவந்து மேடையில வெச்சுச்சு. சனமே சிரிச்சுச்சு. ‘ஈயம் அலசுற பழைய தட்டைப் பொண்ணுக்குக் குடுக்குறாளே, மாப்பிள்ளையை லம்பத்துக்கு அனுப்பவா’ன்னு மாமியார் ஆளுங்க கேலி பண்ணினாங்க. அம்மா மட்டும் சிரிக்கல. ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு, ‘பத்திரமா வெச்சுக்கடி’ன்னுச்சு. அவ பத்திரமா வெச்சுக்கிட்ட லட்சணம், நாப்பது வருஷமா அதுல மோர்மிளகா காயுது, வடகம் காயுது. இதோ இப்பவும் பின்கட்டுல மிளகாதான் காயுது. கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் கழிச்சு ஆசோ செத்தப்ப இவ அஞ்சு மாசம் முழுகாம இருந்தா. மாசமா இருக்கிறவளைச் சாவு வீட்டுக்கு எவளாவது கூப்பிடுவாளா. அம்மா வந்து கூப்பிட்டுச்சு. மாமியார் குதிச்சா. ‘வாசலோட நிக்கட்டும், சம்பந்தி, நான் பாத்துக்குறேன்’னு இழுத்துக்கிட்டுப் போயி, பலகை வீட்டு வேலிக்கிட்ட வெயில்ல நிக்க வெச்சு, ‘கும்பிட்டுக்க’ன்னுச்சு. எதுக்கும்மான்னதுக்கு, ‘தட்டு குடுத்தவதானே’ன்னுச்சு. அவ்வளவுதான். ஆனா பதினாறு நாளு அம்மா வீட்டுல கவிச்சி கிடையாது. வேண்டுதல்னு சொல்லிச்சு. கருவாடு இல்லாம ஒருவேளை சோறு எறங்காத அப்பாவும் ரசத்தை ஊத்தித் தின்னாரு, பதினாறு நாளும். சிந்தாமணி அதையும் பாத்தா. பாத்துக்கிட்டே அம்மா வீட்டு ரசம் ருசின்னு ரெண்டாந்தடவை வாங்கித் தின்னா.

“டீச்சர், நான் ஒண்ணு சொல்லவா,” யாழினி கையைத் தொடச்சுக்கிட்டு வந்து கீழ உக்காந்தா. “இன்னைக்குப் பழைய கதையையே சொல்லிருங்க. நூறைக் கழட்டிருவோம், ரிசல்ட் வரலன்னு சொல்லிருவோம். தருமன் மாமா முன்னால உக்காந்திருப்பாரு. தாத்தா பேரு என்ன ஆகும்?” புத்தியுள்ள பிள்ளை, சொல்றது சரிதான். தருமன் தாங்கமாட்டான், அப்பா படத்துக்குத் தினமும் பூ வாங்கிப் போடுறவன், ‘அக்கா, நீ வாய மூடியிருந்தா என்ன’ம்பான், நாலு மாசம் பேசமாட்டான், பேசாமலே இருந்துருவானோ என்னவோ, இருக்கிற ஒரே தம்பி. மூடிக்கலாம். அம்மா அறுபது வருஷம் மூடினதுதானே. ஆனா எதிர்ச்சுவத்துல பிள்ளைங்க வேர்ப்படம் வரிசையா மாட்டியிருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு மரம், கிளையில பிள்ளை பேரு, வேருல தாத்தா பாட்டி பேருங்க, சீனத்துல, தமிழ்ல, மலாய் எழுத்துல. அந்தப் படம் எப்பிடி ஆரம்பிச்சுதுன்னா, கயல்விழி லிம்னு ஒரு குட்டி, ரெண்டாம் வகுப்பு, பள்ளிக்கூட பாரத்துல இனம்னு இருக்கிற கட்டத்துல ‘லாயின் லாயின்’ல டிக் பண்ணிட்டு வந்து நின்னுச்சு. மத்தவங்கன்னு அர்த்தம். ‘எல்லாருக்கும் பேரு போட்ட கட்டம் இருக்கு டீச்சர், எனக்கு மட்டும் மத்தவங்க. நான் யாருக்கு மத்தவங்க?’ன்னு கேட்டுச்சு. அந்தச் சனிக்கிழமைதான் இந்தக் கூடத்துல பாய் விரிச்சா. அன்னைக்கே ஒரு சட்டம் போட்டா: தெரிஞ்ச பேரை எழுது, தெரியாதுன்னா கேள்விக்குறி போடு, தெரிஞ்சும் மறைக்காதே. ஒரு பையன் ஓடிப்போன தாத்தா பேரை எழுதமாட்டேன்னு அழுதான், அவங்கம்மா வந்து சண்டைக்கு நின்னா. ‘வேருக்கு வெக்கம் கிடையாதும்மா’ன்னு சொல்லி எழுத வெச்சவ யாரு. இவதான். கடைசியில மாட்டியிருக்கிறது இவ படம். வேருல பெத்தவங்க எடத்துல ரெண்டு கேள்விக்குறி, செவப்பு மையில, பிள்ளைங்க வந்தா முதல்ல அதைத்தான் தொட்டுப் பாக்கும். ஒண்ணுக்குப் பேரு தெரிஞ்சுபோச்சு. இன்னொண்ணுக்கு. இன்னொண்ணுக்கு என்ன பேரு. ஆசோன்னா பேரா, அண்ணிங்கிற மாதிரி, ஊர்ல இருக்கிற சீனத்தி அம்புட்டுப் பேரும் ஆசோதான். பெத்தவ பேரு தெரியல. வருஷா வருஷம் போய்ச் சுத்திக் காட்டினாளே, ஒரு வருஷமாச்சும் உம்பேரு என்னன்னு கேட்டாளா. தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட மிச்சமில்ல, அம்மா இல்ல, அப்பா இல்ல, பலகை வீடு இருந்த எடத்துல இப்ப டயர் கடை. வட்டம் பிளந்ததுகூட அவளுக்கு இந்த அளவுக்கு உறைக்கல.

பின்கட்டுத் தகரத்துல ஒரு சொட்டு விழுந்துச்சு. தைப்பிங் மழைக்கு நேரம் தப்பாது, முன்னெல்லாம் அது எத்தனை மணிக்கு விழும்னு பந்தயம் கட்டுவாங்க. இன்னொரு சொட்டு. மிளகா நனையப்போகுதுன்னு கை தன்னால எழுந்துச்சு, நாப்பது வருஷத்துப் பழக்கம், மழைன்னா முதல்ல அந்தத் தட்டு. மழைக்கு ஓடி ஓடி அதைத் தூக்குறப்பல்லாம் விரலுக்கு அடியில தட்டுப்படுமே, தட்டோட அடிப்பக்கம், கத்தியால கொத்தின மாதிரி மூணு சீன எழுத்து, செவப்புச் சாயம் தேஞ்சு போயி. கடைக்காரன் முத்திரைன்னு நெனச்சா. முத்திரையைக் கத்தியாலயா கொத்துவான். ஓடையில அம்பது பொம்பளைங்க, அம்பது தட்டு, ஒண்ணு மாதிரியே ஒண்ணு, கரையில வெச்சுட்டுச் சோறு திங்கப்போனா மாறிப் போயிராதா. மாறக்கூடாதுன்னா என்ன பண்ணுவாங்க. சிந்தாமணிக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது, அவ தமிழ்ப் பள்ளிக்கூடம். வாசல்ல கார் வந்து நின்னுச்சு. தருமன் இறங்கமாட்டான், பை தூக்க ஆள் வரணும்னு ரெண்டு தடவை ஆரன் அடிப்பான், அப்பன் மாதிரியே. அடிச்சான். சிந்தாமணி, ஓடையில ஆசோ நிமிந்த மாதிரி நிமிந்தா. நெத்தியிலேர்ந்து கண்ணாடியை இறக்கி மாட்டிக்கிட்டா. செவப்பு மைப் பேனா மேசையிலதான் இருந்துச்சு, முறத்துக்குப் பக்கத்துல. “யாழினி, அவன் வாசல்லயே கொஞ்சம் நிக்கட்டும். நீ பின்னால போ, மழை வந்துருச்சு. அந்த மிளகாயைத் தரையிலேயே கொட்டிடு, நனைஞ்சா நனையட்டும். தட்டை மட்டும் உள்ள கொண்டா. அதுல உனக்குப் படிக்கத் தெரிஞ்ச எழுத்து இருக்கு.”